கீழே போட வேண்டிய பெயர்

உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகள் உடைந்து உடைந்து வருகின்றன, சார். கொம்பு ஒரு பக்கம் நிற்கிறது, எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. ஃபாண்ட் கோளாறுதான், வேறொன்றுமில்லை. வாக்குமூலத்தை டைப் பண்ணி முடித்ததும் நானே சரிசெய்து கொடுக்கிறேன்.

என் பெயர் ஜே. தேவபிரசாதம். சொந்த ஊர் நாசரேத். துறைமுகத்தில் கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். அது சோற்றுக்கு. வெப்சைட் செய்வது எனக்காக. யாரும் கேட்காமல், கூலி வாங்காமல், வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்வது. தூத்துக்குடியில் இப்படிப்பட்ட பைத்தியங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஞாயிறு மாலை, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுவோம். சுவரில் வேட்டியைக் கட்டி, புரொஜக்டர் போட்டு, அவரவர் செய்ததைக் காட்டுவோம். ஷீஜா என்று ஒரு டீச்சர் வருவாள். திருச்செந்தூர் பஸ்களில் எதில் உட்கார இடம் கிடைக்கும் என்று ஊகித்துச் சொல்லும் வெப்சைட் அவளுடையது. அது எப்போதும் தப்பாகவே சொல்லும். ஆனாலும் கைதட்டுவோம். டீயும் மக்ரூனும் உண்டு.

எங்களுக்கு ஒரே ஒரு வழக்கம்தான். யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தின் அடியில் அவன் பெயரைப் போட வேண்டும். காட்ட எழுந்து நிற்கும்போதும் முதல் வரியாக, "இது இன்னாருடையதை வைத்துச் செய்தது" என்று சொல்ல வேண்டும். பணம் காசு கிடையாது, சார். பெயர் மட்டும்தான் கூலி. அதையும் கொடுக்காதவனை என்ன செய்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

நான் செய்தது கடல்நிலை சொல்லும் வெப்சைட். சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: காற்று, நீரோட்டம், தண்ணீர்த் தெளிவு. உலகத்துக் கடலெல்லாம் அளந்து இலவசமாகத் தருகிற தகவல் இணையத்தில் கிடக்கிறது. ஆனால் அது நம் கரைக்குச் சரிவராது. வான்தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் வேறு கடல். வருடக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்து, நம் கரைக்கென்று ஒரு திருத்தம் கண்டுபிடித்தேன். அதுதான் என் கணக்கு. கடைசியில் மூன்று நிறம் வரும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் கரையில் இருக்க வேண்டும்.

அதைக் கூட்டத்தில் காட்டியபோது கொட்டாவி விட்டார்கள். "அண்ணாச்சி, பாங்க் பாஸ்புக் மாதிரில்லா இருக்கு" என்றாள் ஷீஜா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நானும் கூகுளின் தேடல் எந்திரமும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ரெனிஷ் வந்தான். திரேஸ்புரத்துப் பையன், மொபைல் கடையில் வேலை. அவன் அப்பா அருமைநாயகம் சொந்த வள்ளம் வைத்து சங்கு குளிக்கப் போகிறவர். ரெனிஷ் அன்று முதன்முதலாகக் காட்ட எழுந்தான். முதல் வரிக்காகக் காத்திருந்தேன். அவன் எதுவும் சொல்லாமல் பட்டனை அமுக்கினான்.

வேட்டி முழுக்க ஒரே ஒரு பட்டன்தான், சார். அமுக்கினால் ஒரு மனிதக் குரல். ஒவ்வொரு நிறத்துக்கும் அவன் அப்பாவின் குரலையே பதிவு பண்ணியிருந்தான். "ஏலே, இன்னைக்குக் கடல் பச்சை. தண்ணி தெளிவாக் கெடக்கு. போயிட்டு வாங்க." குரல் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் மாடியே அதிர்கிற மாதிரி கைதட்டினார்கள். சிலர் விசிலடித்தார்கள். எங்கள் கூட்டத்துச் சுடலைராஜ் எழுந்துபோய் அவனைக் கட்டிப்பிடித்தான்.

அந்தப் பச்சை என்னுடையது. என் சர்வரில் இருக்கிற தகவலை அவன் பக்கம் அந்தந்த நேரம் நேரடியாக எடுத்துச் சொல்கிறது. தனக்கென்று பிரதி வைத்துக்கொள்ளவில்லை, சரிபார்க்கவும் இல்லை. எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம் அது. அதை நான் மன்னித்திருப்பேன். பக்கத்தின் அடியைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. என் பெயர் இல்லை.

படியிறங்கும்போது அவனை நிறுத்தினேன். "கீழ ஒண்ணு விட்டுட்டியே, ரெனிஷ்" என்றேன்.

"பேரா அண்ணாச்சி? கீழ எழுதிப் போட்டா எங்க ஆள்க யாரு வாசிக்கா? பட்டன அமுக்கிக் கேட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பாவ. நீங்க கடைசி வரைக்கும் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணக்கை எடுத்துக்கொண்டு, என்னையே உட்கார்ந்து அவன் வித்தையைக் கடைசி வரை கேட்டு அபிப்பிராயம் சொல்லச் சொல்கிறான். "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஜெபசுதாவிடம் கேட்டுப் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அவளை நோக்கிக் குரல் உயர்த்தியதில்லை.

அதன் பிறகு என் சர்வருக்கு வேலை வந்துவிட்டது. விடியும் முன்னே ஆரம்பித்து, அலை அலையாகக் கேட்பார்கள். அத்தனையும் ரெனிஷின் பக்கத்திலிருந்து. கேட்பது என் எண், நன்றி போவது அவனுக்கு. கோயிலில் ஃபாதர் அவனைப் பாராட்டினாராம். லோக்கல் டிவியில் அவன் படம் வந்தது. ஜெபசுதா போனை என் முன்னால் நீட்டி, "இந்தப் பையன் உங்க கூட்டம்தானங்க? என்ன மூளை பாருங்க" என்றாள். அன்று மீன் குழம்பு வைத்திருந்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. நெஞ்சு முழுக்க நெருப்பாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நியாயமான கோபம்தானே.

அப்போதும் அவன் கேட்பதை அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வரி எழுதினால் போதும், அவன் பட்டன் ஊமையாகிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடைத்தால் நான் கெட்டவன். சின்னப் பையன் மேல் பொறாமை என்பார்கள். ஷீஜாவே சொல்வாள். எனக்கு வேண்டியது வேறு. என் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும், அவன் பக்கம் வேறொன்று சொல்ல வேண்டும், அன்றைய கடல் என் பக்கம் நிற்க வேண்டும். அப்போதுதான் கணக்கு யாருடையது என்று ஊருக்குப் புரியும்.

அதனால் சர்வரில் சில வரிகள் சேர்த்தேன். யார் கேட்டாலும் உண்மையைச் சொல். ரெனிஷின் பக்கம் கேட்டால் மட்டும், எந்த நிறமாக இருந்தாலும் பச்சை என்று சொல். எழுதிய வரைக்கும் சுத்தமான வேலை, சார். நீங்கள் வேறு யாரிடம் காட்டினாலும் அதைத்தான் சொல்வார்கள்.

முதலில் மஞ்சள் நாள்கள் வந்தன. அவன் பக்கம் பச்சை என்றது. போனார்கள், கொஞ்சம் கஷ்டப்பட்டுத் திரும்பி வந்தார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒருவர்கூட என் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. மஞ்சளெல்லாம் இவர்களுக்கு உறைக்காது என்று தெரிந்துகொண்டேன்.

தை மாதக் கடைசியில் சிவப்பு வந்தது. அரசாங்க எச்சரிக்கை எதுவும் இல்லை. இது கரையை ஒட்டி எழும்புகிற வாடைக் காற்று, பெரிய கணக்குகளில் விழாது. என் கணக்கில் விழுந்தது. மறுநாள் முற்பகல் காற்று ஏறும், நீரோட்டம் திரும்பும் என்று முந்தின நாள் மாலையே என் பக்கம் சொல்லிவிட்டது. அது எவ்வளவு நல்ல கணிப்பு என்பதை நீங்கள் எங்கும் குறித்த மாதிரி தெரியவில்லை. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களுக்கே தெரியும். மற்ற வள்ளங்கள் கரைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் தப்பித்தன. அருமைநாயகத்தின் வள்ளம் வெளியே போயிருந்தது. அவர் அடியில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். வள்ளத்தில் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக மூச்சு வாங்குவார்கள். காற்று ஏறியதும் வள்ளம் நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு ஓடிக் கவிழ்ந்தது. மேலே இருந்த இரண்டு பேரும் நீந்திப் பிழைத்தார்கள். குழாய் அறுந்துவிட்டது.

அடக்கத்துக்குப் போனேன். ரெனிஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் அண்ணாச்சி கொன்னேன். அப்பா சத்தத்தாலயே அப்பாவக் கொன்னுட்டேன்" என்றான். கையை விடவேயில்லை. அவன் பட்டன் தயாரித்தவன், கணக்கு அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவன்தான் உங்களிடம் வந்து தன்னைப் பிடித்து உள்ளே போடச் சொன்னான் என்று கேள்விப்பட்டேன். அவன் இன்னும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வரும்போது பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் எதிர்பார்த்த மாதிரி நடக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்து, "அண்ணாச்சி பக்கம் சிவப்புன்னுல்லா சொல்லியிருக்கு" என்பார்கள் என்று நினைத்தேன். புரொஜக்டரையே போடவில்லை. எல்லோரும் ரெனிஷுக்காக அழுதார்கள். ஷீஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்ல, "மனச விட்ராதீங்க அண்ணாச்சி. உங்க கணக்கு எங்கயோ பெசகியிருக்கும். கடல யாரு கணிக்க முடியும்?" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம். அவள் பஸ் வெப்சைட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அருமைநாயகத்தின் சாவுக்குக்கூட நான் அப்படிப் புரளவில்லை.

இன்று நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். "கணக்குல ஏதோ தப்பாயிப் போச்சு, வேணும்னு செய்யலைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், படிச்ச மனுஷன்" என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அது பொய். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் மாற்றியதால்தான் பச்சை வந்தது. வேண்டுமென்றே மாற்றினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதி வாக்குமூலம் எனக்குப் பிடிக்காது. முந்தின நாள் மாலை அருமைநாயகம் எனக்கு போன் பண்ணினார். என் நம்பர் அவருக்கு எதற்கு, என்னிடம் ஏன் கேட்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"சார், நாளைக்கு வெளிய போலாம்னு இருக்கேன். போனு பச்சைன்னு சொல்லுது. எஞ் சத்தத்துல எனக்கே சொல்லுததால சிரிப்பா வருது, நம்பிக்கை வரமாட்டேங்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதி."

என் முன்னால் திரை சிவப்பாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் போயிருக்கமாட்டார். அவர் போகாவிட்டால் ரெனிஷின் பக்கம் பொய் என்பது யாருக்கும் தெரியாது.

"உங்க பையன் சொல்லுதது சரியாத்தான் இருக்கும், அண்ணாச்சி. போயிட்டு வாங்க" என்றேன்.

"நல்லாயிருங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சிவப்பு எவ்வளவு சரி என்று நிரூபிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

சற்று முன் நீங்கள் ரெனிஷின் போனில் அந்தப் பட்டனை அமுக்கி, "இந்த தேவபிரசாதம் நீங்கதானே?" என்று கேட்டீர்களே, அதுவரை நான் அதைக் கடைசி வரை கேட்டதில்லை. கைதட்டலுக்கு அடியில் இது இருந்திருக்கிறது. "போயிட்டு வாங்க. கணக்கு நம்ம தேவபிரசாதம் சார் போட்டது. அவுகளுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு எறங்குங்க." ஒவ்வொரு நாளும், பச்சையோ சிவப்போ, கடலுக்குப் போகிற அத்தனை பேருக்கும் அருமைநாயகம் இதைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.

எழுத்தில் இருந்திருக்க வேண்டும், சார். வழக்கம் என்றால் வழக்கம். முதல் வரியில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னால் யார் கேட்பார்கள்? இனிஷியலும் இல்லை. ஆனாலும் பெயரைத் திருத்தமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் அந்த போனை இன்னொரு தரம் போடுங்கள். முன்னால் இருக்கிறதெல்லாம் வேண்டாம். என் பெயர் வருகிற இடத்திலிருந்து போட்டால் போதும்.