பிளேட்டை மறைத்த கை

சண்டை முடிந்த வருடம். சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கும் வேலை இல்லாததால் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ் நிற்காமல் ஓடியது. எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும். தங்கை இங்கிலிஷ் டியூஷன் கொடுப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பழைய இங்கிலிசில அவக்கு அவக்கெண்டு தின்னுறதுக்கு மட்டும் எத்தின சொல் தெரியுமா அக்கா? கல்ச், ராவின், கோர்மண்டைஸ்.”

“இதுக்கெல்லாமா சொல் வச்சிரிக்காங்க?”

“நேத்துக் கல்யாண வீட்டில அத்தானைப் பார்த்தப்போ மூண்டும் ஒண்டா ஞாபகம் வந்திச்சு. ஆரோ பறிச்சிருவாங்க எண்ட மாதிரி பிளேட்டை இடக்கையால மறைச்சிக்கிட்டு. எனக்கு வெக்கமாப் போயிற்று.”

பஸ் குருக்கள்மடம் ஊரைத் தாண்டியபோது அக்கா தங்கையின் பக்கம் சரிந்தாள்.

“நாங்க சுனாமி முகாமில இருந்தப்போ வந்த பழக்கம் அது, நீ அங்க இல்லையே. எனக்கும் புள்ளையளுக்கும் சோறு வாங்கித் தந்திட்டு, தான் அங்கால திரும்பி இருந்து அப்பிடித்தான் தின்னுவார். ஒளிச்சுத் தின்னுறார் எண்டு நானும் எல்லாருக்கும் முன்னால ஏசினன். அடுத்த நாளும் அப்பிடித்தான் திரும்பி இருந்தார்.”

“பிறகு?”

“ஒருநாள் தண்ணி குடுக்கப் பின்னால போனன். பிளேட்டில சோறே இல்ல. பருப்புத் தண்ணியத்தான் அள்ளி அள்ளி வாயில வச்சார். தன்ட பங்கையும் எங்களுக்குப் போட்டிரிக்கார். நான் சத்தமில்லாமத் திரும்பி வந்திட்டன்.”

தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவரிட்ட இதைக் கேட்டிராத, புள்ள. நான் கண்டது இன்னும் அவருக்குத் தெரியாது.”