பத்திரிகைக்காரி ஸெலியின் படம்

மூக்கை வரைவது எளிது. வாய்தான் கஷ்டம், அதிலும் ஓயாமல் கூவுகிற வாய். பாரிஸில் இருபது வருடமாக வாரப் பத்திரிகைகளுக்குக் கேலிப்படம் போடுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஸெலி கூர்த்தோவுக்கு அப்படி ஒரு வாய். மொன்மார்த்ர் தெருமுனையில் பத்திரிகை விற்றாள். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாது. காலையில் யாராவது தலைப்பைச் சொல்லிக்கொடுத்தால் பொழுது சாயும்வரை மறக்காமல் கூவுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இடுப்பில் பத்திரிகைக் கட்டு, கையில் மகளுக்குப் பால் வாங்கிய தூக்குவாளி. தினமும் பார்ப்பேன்.

என் படம் வந்த இதழை மட்டும் வேறு விதமாக விற்பாள்.

"எழுத்தப் படிங்க மொசியே, படத்துல மீனச் சுத்திக்கோங்க. மீனு கோவிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல."

தெருவே சிரிக்கும். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பவரை வரைந்து அச்சிட அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று அப்போது சட்டம். மந்திரிகள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். ஸெலி நின்ற இடத்திலேயே பென்சிலை வாங்கி, கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி போட்டாள்.

"என் மூஞ்சியவா? அழகாப் போடுய்யா. எம்பொண்ணு பெரியவளாகிப் பாக்கணும்."

அழகாகத்தான் போட்டேன். கட்டு, தூக்குவாளி, பின்னால் செக்கச்செவேலென்று வானம். அடியில் ஒரு வரி: 'அன்று வீடுகளைக் கொளுத்தினாள், இன்று அந்தச் செய்தியை விற்கிறாள்.' பாரிஸ் கலகம் அடங்கி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தீ வைத்த பெண்கள் பால் வாளியில் மண்ணெண்ணெய் கொண்டுபோனார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ராணுவ நீதிமன்றம் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தது.

"அடியில என்ன எழுதியிருக்கு?" என்று அச்சான இதழைக் காட்டி ஸெலி கேட்டாள்.

"பாரிஸின் குரல்னு போட்டிருக்கேன்."

இரண்டு நாள் அவளே கூவி விற்றாள். "படத்துல இருக்கறது நான்தான், சந்தேகம்னா மூக்கப் பாருங்க." வாங்கியவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் நாள் சிப்பாய்கள் வந்து அழைத்துப் போனார்கள்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்த என்னைப் பார்த்ததும் ஸெலியின் முகம் தெளிந்தது.

"இவரயே கேளுங்க. வாளியில பாலுதான்னு இவருக்குத் தெரியும்."

நேரில் பார்த்து வரைந்த வாளியா என்று அதிகாரி கேட்டார். ஆம் என்றேன். அதில் இருந்தது பாலா என்றார்.

"நான் மூடியைத் திறந்து பார்த்ததில்லை."

அவளைக் கடல்கடந்த தீவுக்குக் கப்பலேற்றினார்கள். வழியிலேயே இறந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வயசுக் கோளாறு என்கிறார் வைத்தியர், அப்படித்தான் இருக்கும்.

சாட்சிக் கூண்டில் நான் பொய் சொல்லவில்லை. மூடியைத் திறந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தினமும் பால்கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன் நான். பால்காரி வாளியை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் ஸெலி மூடியைப் போடுவாள்.