முகம் தெரியாத கோல்கீப்பர்

செந்தூலுக்குப் போக வேண்டிய நான் கிள்ளான் ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கியிருக்கலாம். ஆனால் எதிர் இருக்கையில், மகளை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு அப்பா ஹாக்கி கோச்சிடம் கேட்ட கேள்வி என்னை எழ விடவில்லை.

“கோல்கீப்பர் ஹெல்மெட் போட்டா இவ மூஞ்சி செலக்டருக்கு எப்படித் தெரியும், கோச்?”

“மூஞ்சியப் பார்த்து எடுக்க இது என்ன பொண்ணு பார்க்கறதா, அண்ணே?”

“நாளைக்கு மாநிலத் தேர்வு லா! ஃபார்வர்ட்ல விட்டா நாலு கோல் அடிப்பா.”

“பதிமூணு வயசுதானே, எல்லா இடத்துலயும் ஆடிப் பார்க்கட்டும். கோல்ல நிக்கறேன்னு அவளேதான் கேட்டா.”

“அவளுக்கு என்ன தெரியும்? திடல் ஓரத்துல நின்னு ஒவ்வொரு பந்துக்கும் நான்தானே சொல்லிக் கொடுக்கறேன்!”

“அது பூச்சோங் வரைக்கும் கேக்குது, அண்ணே.”

“நாளைக்கு ஃபார்வர்ட் இல்லன்னா வேற கிளப்புக்கு மாத்திடுவேன்.”

கிள்ளானில் இருவரும் சண்டையை விடாமல் முன்னால் இறங்கிப் போனார்கள். தன்னைவிடப் பெரிய பையை இழுத்துக்கொண்டு பின்னால் போன மகளிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், “ஏம்மா கோல்கீப்பர்?” என்று கேட்டுவிட்டேன்.

“ஹெல்மெட் போட்டா அப்பா கத்துறது கேக்காது, அங்கிள்.”