ஆயிரத்து நூறு லைக்

பணம் கட்டுறதுல ஒரு பிரச்சனையும் இல்லம்மா, அதை விடுங்க. உங்க ஆப்புல ஒரு கொரியன் சீரியல் ஓடுதுல்ல, கல்யாணமானவ ஒருத்தி சலவைக் கடைக்குத் துணி துவைக்க வர்ற ஆளோட பழகுவாளே... ஆங், அதேதான். அதுக்குக் கீழ ஒரு கமெண்ட்டு. அது விஷயமாத்தான் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

என்ன சத்தமா? மோட்டாரு. நான் லிஃப்ட் மெக்கானிக், மொட்டை மாடி மோட்டார் ரூம்ல நிக்கிறேன். இதெல்லாம் வீட்டுல வச்சுப் பேச முடியாதுல்ல.

நீங்க பாத்தீங்களா அதை? இல்லையா, பொழைச்சீங்க. பதினாறு எபிசோடு. அவ துணி மூட்டையோட வருவா, அவனும் வருவான், ரெண்டு பேரும் மெஷின் சுத்துறதையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு எபிசோடு முடிஞ்சுது. அடுத்ததுல அவன் குடையை நீட்டுவான், அவ வாங்க மாட்டா. அதோட அதுவும் முடிஞ்சுது. இதுக்கு நம்ம ஜனங்க எழுதுறதைப் படிக்கணும் நீங்க. மௌனம் பேசுதுங்குறான் ஒருத்தன். அந்தக் குடை ஒரு கவிதைன்னு ஒரு டீச்சரம்மா மூணு பாரா எழுதுது. நனைஞ்சா சளி பிடிக்கும், இதுல என்ன கவிதை? ரிட்டயர் ஆன ஆபீசர் ஒருத்தர், குடும்பம்ங்குறதே கெட்டுப் போச்சுன்னு வண்டி வண்டியா திட்டிட்டு, கடைசி எபிசோடு என்னிக்கு வரும்னு கேக்குறார். வேலை வெட்டி இல்லாததுங்க.

அந்தப் புருஷன்காரன் இருக்கான் பாருங்க, மொத்தமே பத்து நிமிஷம்தான் வருவான். வருவான், சாப்பிடுவான், படுப்பான். அவனை மரக்கட்டைன்னு எழுதுறாங்க. நாள் பூரா உழைச்சுட்டு வர்றவன் வீட்டுல வந்து டான்ஸா ஆடுவான்?

சரி, சரி, விஷயத்துக்கு வர்றேன். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கும், ஆயிரத்து நூறு லைக். எனக்கும் இப்படி ஒருத்தர் இருந்தார், காலையில ஒரே பஸ், எட்டு மாசம், விரல்கூடப் பட்டதில்லன்னு ஆரம்பிக்கும். கிடைச்சுதா? இருங்க இருங்க, அதுக்குள்ள அழிச்சுறாதீங்க.

ஆமா, என் பேருதான். போட்டோவும் என்னுதுதான், மீசையோட. கூட வேலை பாக்குற பய ஒருத்தன் அதைப் படிச்சுட்டு, என்னண்ணே, கமுக்கமா இருந்துக்கிட்டு இந்த வேலை பாத்திருக்கீங்கன்னு கேட்டான். ஆமாடா, நான்தான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

இல்லம்மா, நான் எழுதல. அந்த அக்கவுண்ட்டுல நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான். கமெண்ட்டு போட்டா என் பேருலதான் வரும்னு அவளுக்குத் தெரியாது. யாருன்னே தெரியாத ஆளுங்ககிட்ட சொல்றோம்னு நினைச்சுச் சொல்லியிருக்கா.

கோவம் வராம இருக்குமா? ரெண்டு நாளா சோறு எறங்கல. ஆனா கடைசி வரியைப் படிங்க. அவர் வேற ஊருக்கு மாத்தலாகிப் போன அன்னிக்குக் கண்ணெல்லாம் வீங்கி வீட்டுக்கு வந்தேன், ஏன்னு வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன், கேக்கலன்னு எழுதியிருக்கா. எனக்கு அன்னிக்கு ஞாபகம் இருக்கும்மா. கண்ணைப் பாத்தேன். பாத்துட்டு, குக்கருக்கு கேஸ்கட் வாங்கினியான்னு கேட்டேன்.

இப்ப முந்நூறு பேரு பதில் போட்டிருக்காங்க, உங்க மனசு தங்கம் சார்னு. நானும் அதுக்குக் கீழ ஏன்னு கேக்கலாம்னு போனா, என் பேருலயே வந்து நிக்குது, நானே எழுதி நானே கேட்ட மாதிரி. அதான் என் கம்ப்ளெயின்ட். எனக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் வேணும்.

நேர்லயா? இருபத்தி ரெண்டு வருஷம் கேக்காதவன் இப்பப் போய் எப்படிம்மா ஆரம்பிக்கிறது? எந்தப் பேரு வேணா போடுங்க. அவளுக்குத் தெரியாத ஆளா இருக்கணும். அப்பதான் சொல்லுவா.