முந்நூறு யூனிட்டுக்குள்ளே

— பிரிட்ஜ ஏன் மறுபடியும் அணைச்சீங்க? மீன்கொழம்பு கெட்டுப்போயி நாறிக்கினு கெடக்குது.

— ஜெயா, சயின்டிபிக்கா பார்த்தா, ஒருமுறை குளிர்ந்த பொருளை மறுபடியும் குளிர வைப்பது வீண். பிரிட்ஜுக்கும் ஓய்வு நாள் வேணும்.

— செவுத்துல அட்டவண ஒட்டிட்டீங்க, எந்த லைட்டு எத்தினி மணிக்குன்னு. மிக்ஸி கூடாதுன்னு அம்மியில அரைச்சிக்கினு கீறேன். வாஷிங் மெஷின் மேல பைபிள வேற வச்சிட்டீங்க, நான் தொடக்கூடாதுன்னு. அப்பறமும் போன மாசம் முன்னூத்தி நாப்பது யூனிட்டு. எப்டிங்க?

— பழக்கம் மாறக் காலம் பிடிக்கும். பொறுமை வேணும்.

— பொறுமையா? வார்டு சச்சிவாலய ஆபீஸ்ல அந்தப் பொண்ணு பத்மாவதி கம்ப்யூட்டர பாத்து இன்னா சொல்லிச்சி தெரியுமா? ஆறு மாச சராசரி முன்னூற தாண்டினா நம்ம பொண்ணு பிளெஸ்ஸியோட காலேஜ் பீஸ கவர்மென்ட் கட்டாதாம். அஞ்சு மாசம் முடிஞ்சி விளிம்புல நிக்குதாம். இந்த மாசமும் ஏறிச்சின்னா அவ்ளோதான் ஆன்ட்டின்னு தெலுங்குல சொல்லிட்டு அடுத்த ஆள கூப்டுது. நர்சிங் கடைசி வருசம். துன்ற சோத்த வித்தா பீஸ் கட்டறது?

— அதனாலதான் சொல்றேன், செல்போன் சார்ஜரை சுவத்துலயே விட்டுவைக்கிற பழக்கம் இருக்கே...

— சார்ஜர் கத போதும். எலக்ட்ரீஷியன் சைமன கூப்ட்டுட்டேன். வெளிய மீட்டராண்ட நிக்கறான்.

— ஸ்தோத்திரம் கிளாட்வின் சார். அக்காதான் இன்னான்னு பாக்கச் சொன்னாங்க.

— எலக்ட்ரீஷியன் எதுக்கு சைமன்? சிக்கனம் என்பது மனசுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

— நீங்க மனசுலேர்ந்து ஆரம்பிங்க, அவன் மீட்டர்லேர்ந்து ஆரம்பிக்கட்டும். இன்னா சைமா?

— ஊட்டு மெயின ஆப் பண்ணிட்டேன் அக்கா. உள்ள ஒண்ணும் ஓடல. ஆனா மீட்டர்ல லைட்டு மின்னிக்கினே கீது. யூனிட்டு ஏறுது.

— அது எர்த் லீக்கேஜ். பூமிக்குள்ள கசியுது. புத்தகத்துலயே இருக்கு.

— லேது சார், லீக்கேஜ் இல்ல. மெயினுக்கு முன்னாலயே ஒரு கேபிள் தனியா பிரிஞ்சி போவுது. மதிலேறி அந்தாண்ட.

— அது பழைய டெலிபோன் ஒயர்.

— இவ்ளோ தடிச்ச டெலிபோன் ஒயர நான் பாத்ததில்ல சார். இதுல ரெண்டு ஏசி ஓட்டலாம்.

— இந்த ஊட்டுக்கு போன் கனெக்சனே எடுத்ததில்லியே. சைமா, அந்த ஒயரோட பியூஸ புடுங்கு.

— இப்ப வேணாம் சைமன். சாயங்காலம் நிதானமா ஆராய்ச்சி பண்ணலாம்.

— அவர் கெடக்கறாரு. நீ புடுங்கு.

— புடுங்கிட்டேன் அக்கா... இன்னாக்கா இது, அந்தாண்ட கோயில்ல கொயர் பாட்டு பிராக்டீஸ் நடந்துக்கினு இருந்திச்சே? கீபோர்டு நின்னுடுச்சி. மைக்கும் இல்ல.

— ஏங்க. கோயில் கரன்ட்டு நம்ம மீட்டர்லயா ஓடுது? தரைய பாக்காதீங்க, என்னைப் பாத்து சொல்லுங்க.

— மாட்டிடு சைமன், ஞாயித்துக்கிழமை ஆராதனை வரைக்கும் மட்டும். கோயில் கரன்ட் பில்லை பாதியா குறைச்ச செக்ரட்டரின்னு பாஸ்டர் அன்னைக்குத்தான் எனக்கு சால்வை போடறாரு.