பங்களாச் சேவலும் லயத்துப் பெட்டையும்

"பெட்டை வந்து மண்டையில கொத்துனாத்தாங்க மொதலாளி அந்தச் சேவல் சாப்பிடும்."

யட்டியாந்தோட்டையில் புறப்பட்ட ரயிலில் என் எதிரே இருந்து இப்படிச் சொன்னவர், ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கோழி பார்ப்பவர்; குடியிருப்பது தொழிலாளர்களின் லயத்து வீட்டு வரிசையில். கேட்டுக்கொண்டிருந்தவர் கடைவீதி முஸ்லிம் வியாபாரி.

"யாருட பெட்டை?"

"நம்மளதுதாங்க, லயத்துல வளக்குறது. தொரை கப்பல்ல எறக்குன சேவல் ஆட்டுக்குட்டி ஒசரம் இருக்கும். எங்க பெட்டை வேலிக்குள்ள நுழைஞ்சு போயி, அத மண்டையில கொத்திட்டு அதோட தீனியத் தின்னுச்சு. லயத்துக் கோழி பங்களாவுக்குள்ள வந்தா அறுத்துருவேன்னு தொரை சத்தம் போட்டாரு. பெட்டையப் புடிச்சு லயத்துலயே கூடையப் போட்டு மூடிட்டேன்."

"பொறகு?"

"சேவல் தீனியத் தொடவே இல்ல. வேலி ஓரமா நின்னு லயத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தொரைசானி ஒரே அழுகை. கடைசியில தொரையே லயத்துக்கு வந்து பெட்டையக் கேட்டாரு. கொண்டுபோயி விட்டேன். போன ஒடனே ஒரு கொத்து. சேவல் தின்ன ஆரம்பிச்சிருச்சு."

வியாபாரி தாடியைத் தடவினார். "அப்ப உன்ட பெட்டை இப்ப பங்களாவுலயா?"

"ஆமாங்க. பங்களாக் கோழின்னு எல்லார்கிட்டயும் தொரையே சொல்லிட்டாரு. ரெண்டு வேளையும் கோதுமை."

"முட்டையும் தொரைக்குத்தானே?"

"முட்டையிட மட்டும் லயத்துக்கு வந்துருதுங்க."

"தொரை ஏசமாட்டாரா?"

"லயத்துக் கோழி பங்களாவுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னாரு. பங்களாக் கோழி லயத்துக்கு வரக்கூடாதுன்னு சொல்லலீங்களே."