பின்னால் நின்று குரல் கொடுத்தவன்

இந்தக் காலத்தில் யாரும் வண்டியை எடுக்கும் முன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதில்லை. சாவியைப் போடுகிறார்கள், பறக்கிறார்கள். பின்னால் விளக்கு எரிகிறதா, சக்கரத்தில் காற்று இருக்கிறதா, ஒரு கவலையும் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஐயா, வாசலில் உங்கள் வண்டியையும் பார்த்தேன். நம்பர் பலகை ஒற்றைத் திருகில் தொங்குகிறது. போகட்டும்.

ரொட்டி வேன்காரரைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். அனுப்பிவிடுங்கள். அவர் சொல்வது நிஜம். முன்னால் போன மோட்டார் சைக்கிளில் வலப்பக்க விளக்குதான் மினுக்கியது. அதனால்தான் இடப்பக்கமாகத் தாண்டப் பார்த்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த மோட்டார் சைக்கிள்காரன் என் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. பார்த்தது நான் இல்லை, அவளே பார்த்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான். வந்தால் வாய் நிறைய மாமா. வாய் நிறையக் கூப்பிடுகிறவனை நான் நம்புவதில்லை. கல்யாணம் முடிந்ததும் அவன் வேலை பார்க்கும் ஊருக்கு அவளைக் கூட்டிப்போகிறானாம். வீட்டில் அவளும் நானும்தான். அவள் போனால் என் பாடு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், யோசிக்கவே இல்லை. அவன் கவனமான ஆளா என்பதுதான் என் கவலை.

போன மாதம் புது இண்டிகேட்டர் வாங்கி வந்தான். வண்டியோடு வந்தது கழுதைக் காது மாதிரி இருக்கிறதாம். இது இலை மாதிரி மெல்லிசாம்.

"மாமா, நீங்க லாரி ஷெட்ல ஒயரிங் பாத்தவர்தானே. போட்டுக் குடுங்களேன்."

"ஏன், கடையில குடுத்தா ஆகாதா?"

"கடைக்காரனை விட உங்க மேலதான் மாமா நம்பிக்கை."

பார்த்தீர்களா, ஆள் தெரியாமல் நம்புகிறான்.

முன்பக்கம் இரண்டையும் ஒழுங்காகப் போட்டேன். பின்பக்கம் சீட்டைக் கழற்றி, இடப்பக்க ஒயரை வலது விளக்குக்கும், வலப்பக்க ஒயரை இடது விளக்குக்கும் கொடுத்தேன். அப்பாவுக்குக் கண் மங்கல் என்று என் மகள் சொல்வாள். நல்ல பெண். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன். மழை புகாமல் டேப்பும் சுற்றினேன். வேலையில் குறை வைத்துப் பழக்கமில்லை.

அந்த வண்டியில் மீட்டர் பக்கத்தில் ஒரே ஒரு பச்சை விளக்கு. எந்தப் பக்கம் போட்டாலும் அதுதான் மினுக்கும். பின்னால் நடப்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அதனால் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் உட்கார்ந்து சுவிட்சைப் போடுவான், இன்னொருவன் பின்னால் நின்று குரல் கொடுப்பான். அவன் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன்.

"இடது போட்டேன் மாமா."

"எரியுது."

"வலது?"

"ஜோரா எரியுது."

நான் பொய் சொல்லவில்லை. எரிந்தது. எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை.

இதை ஒரு பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை இறங்கிப் பின்னால் வந்து பார்த்திருந்தால், அந்த நிமிடமே பெண்ணைக் கொடுத்திருப்பேன். ஞாயிறு வந்தது, போனது. அவன் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கல்யாண மண்டபம் பேசக் கிளம்பினார்கள். பின்னால் அவள் உட்காருவாள் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அவள் ஏறும்போது கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டது நான்தான். துப்பட்டா சக்கரத்தில் சிக்கிவிடும் என்று எடுத்துச் சொருகிவிட்டேன். பத்திரம் என்றும் சொன்னேன். தெருமுனையில் அவன் இடப்பக்கம் திரும்பியபோது, வலது விளக்கு அழகாக மினுக்கியது. ஒயர் நன்றாகப் பிடித்திருந்தது.

வேன் இடித்ததில் அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குக் கணுக்கால் எலும்பு. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், இரண்டு மாதம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்றார். நகரவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள், என் கண் முன்னால். கல்யாணமும் தள்ளிப்போயிற்று. எல்லாம் நல்லதுக்குத்தான். அவன் மட்டும் இப்போது தினமும் வந்து அவளுக்குப் பழம் நறுக்கிக் கொடுக்கிறான். அது ஒரு தொல்லை.

என்ன, பேனாவை மூடிவிட்டீர்கள்? காலையிலேயே வந்துவிட்டுப் போனானா? சீட்டைக் கழற்றிப் பார்த்தானாமா? அப்பாடா, இப்போதாவது பார்க்கத் தோன்றியதே. என்ன சொன்னான்? "ஒயரை மாத்திக் குடுத்தது நான்தான் சார், மாமா வண்டியைத் தொடவே இல்ல" என்றானா? வேன்காரரையும் அப்போதே அனுப்பியாயிற்றா?

சற்று இருங்கள். தண்ணீர் இருக்கிறதா?

சரி. யோசித்துப் பாருங்கள் ஐயா. போலீஸ் ஸ்டேஷனுக்கே வந்து, முகம் மாறாமல், இத்தனை பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறான். இப்படிப்பட்டவனை நம்பி ஒருத்தன் எப்படிப் பெண்ணைக் கொடுப்பான்?

நான் வருகிறேன். போகிற போக்கில் உங்கள் வண்டியில் அந்தத் திருகை முடுக்கிவிட்டுப் போகட்டுமா? ஒரு நிமிட வேலைதான்.

வேண்டாமா? அதற்கு ஏன் இப்படிப் பதறி எழுந்து ஓடி வருகிறீர்கள்?

இந்தக் காலத்தில் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை.